பறவைகளையும் காட்டுயிர்களையும் படமெடுத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜன்னலோரம் வந்து உட்காரும் குருவி முதல், பயணம் போன இடத்தில் வண்டியிலிருந்து பார்க்கும் மான்கூட்டம் வரை, படமெடுக்க ஆசைப்படுவோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். பதில்கள் பலவும் சுற்றிச் சுற்றி ஓரிடத்துக்கே வரும்: உங்களுக்கும் அந்த உயிருக்கும் நடுவிலுள்ள தூரம். அதைக் குறைப்பதா கூட்டுவதா என்று முடிவு செய்வது பெரும்பாலும் அந்த உயிர்தான். அதை ஏற்றுக்கொண்டவருக்குப் படம் கிடைக்கிறது.

எத்தனை மி.மீ. லென்ஸ் வேண்டும்?

வாங்குவதற்கு முன் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சிட்டுக்குருவி போல 15 செ.மீ. நீளமுள்ள பறவை 8 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. ஃபுல் ஃபிரேம் கேமராவில் 400 மி.மீ. லென்ஸ் போட்டு எடுத்தால், 36 மி.மீ. அகலமுள்ள சென்சாரில் (படத்தைப் பதிவுசெய்யும் சில்லு) அது ஏறக்குறைய 8 மி.மீ. இடத்தைத்தான் பிடிக்கும். 600 மி.மீ. லென்ஸ் என்றால் 12 மி.மீ. அதே 400 மி.மீ. லென்ஸோடு 4 மீட்டருக்கு வந்துவிட்டால் 17 மி.மீ., அதாவது படத்தின் அகலத்தில் கிட்டத்தட்ட பாதி. பெரிய லென்ஸ் கொடுத்தது ஒன்றரை மடங்கு. பாதியாகிய தூரம் கொடுத்தது இரண்டு மடங்கு.

ஆகவே 100-400 அல்லது 70-300 மி.மீ. ஜூம் லென்ஸோடு தொடங்கலாம். ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய சென்சாருள்ள கிராப் சென்சார் கேமராவாக இருந்தால் பறவை படத்தில் இன்னும் ஒன்றரை மடங்கு பெரிதாகத் தெரியும். 150-600 வகை லென்ஸ்கள் ஏறக்குறைய 2 கிலோ எடை இருக்கும். கையில் பிடித்து அரை மணி நேரம் நிற்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். லென்ஸ் எவ்வளவு கிட்டத்தில் ஃபோகஸ் செய்யும் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. சில லென்ஸ்கள் 3 மீட்டருக்குக் கீழே வந்தால் ஃபோகஸே செய்யாது. ஜன்னலோரப் பறவைக்கு அவை உதவாது.

கைபேசியிலோ, பெரிய ஜூம் உள்ள சிறிய கேமராவிலோ எடுக்க முடியாதா?

முடியும். 24-3000 மி.மீ.க்கு இணையான ஜூம் உள்ள நிக்கான் பி1000 போன்ற கேமராக்களில், வெளிச்சம் நன்றாக இருந்தால் இனம் கண்டுபிடிக்கத் தாராளமாகப் போதுமான படம் கிடைக்கும். அவற்றின் சென்சார் மிகச் சிறியது. அதனால் மரநிழலிலும் அந்தி வெளிச்சத்திலும் இறகின் நுணுக்கமெல்லாம் குழைந்துபோகும். கைபேசியைத் தொலைநோக்கியின் கண்வில்லையில் பொருத்தியும் எடுக்கலாம். கையால் பிடித்து ஒட்டவைத்தால் வட்டம் நகர்ந்துகொண்டே இருக்கும் என்பதால், பொருத்துவதற்கான பிடிப்பானும் டிரைபாடும் அவசியம். வண்ணத்துப்பூச்சி, தவளை, ஓணான் போன்றவை கிட்டே போகவிட்டால், கைபேசி அருமையான கருவி.

டெலிகன்வெர்ட்டர் வாங்கலாமா?

கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டி உருவத்தைப் பெரிதாக்கும் துணைவில்லை இது. வெளிச்சம் பாதியாவதோ இரட்டிப்பாவதோ ஒரு ஸ்டாப். 1.4 மடங்கு கன்வெர்ட்டர் ஒரு ஸ்டாப் வெளிச்சத்தையும், 2 மடங்கு கன்வெர்ட்டர் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தையும் சாப்பிட்டுவிடும். எஃப் எண் கூடக் கூட லென்ஸுக்குள் வரும் வெளிச்சம் குறையும். எஃப்/4 லென்ஸில் 1.4 நன்றாகவே வேலை செய்யும். எஃப்/6.3 ஜூம் லென்ஸில் 2 மடங்கைப் போட்டால் எஃப்/13 ஆகிவிடும். ஃபோகஸ் தடுமாறும், ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்திறன்) எகிறும். அந்தப் படத்தைவிட, கன்வெர்ட்டர் இல்லாமல் எடுத்து வெட்டிய படம் பெரும்பாலும் நன்றாக இருக்கும்.

கேமராவில் என்ன அமைப்பு வைத்துக்கொள்வது?

எதிர்பாராமல் பறவை வந்து நின்றால் உடனே எடுக்கத் தோதான அமைப்பு ஒன்று எப்போதும் தயாராக இருக்க வேண்டும். மேனுவல் முறையில் அபெர்ச்சரை (லென்ஸின் ஒளித்துளை) லென்ஸ் அனுமதிக்கும் அளவுக்கு முழுதாகத் திறந்து, ஷட்டர் வேகத்தை 1/1000 நொடி வைத்து, ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விடுங்கள். ஃபோகஸ் தொடர் முறையில், விலங்குகளின் கண்ணைக் கண்டுபிடிக்கும் வசதி இருந்தால் அது இயக்கத்தில் இருக்கட்டும்.

பிறகு நிலைமைக்குத் தக்கபடி வேகத்தை மாற்றலாம். அசையாமல் உட்கார்ந்திருக்கும் பறவைக்கு 1/250 வரை இறங்கலாம். சிறு பறவைகள் தலையை வெட்டி வெட்டித் திருப்பும் என்பதால் அவற்றுக்கு 1/500-க்குக் கீழே போனால் பத்தில் ஒன்றிரண்டுதான் தேறும். பெரிய பறவை பறக்கும்போது 1/1600, தகைவிலான் போல விருட்டென்று திரும்புபவற்றுக்கு 1/3200, தேன்சிட்டின் இறக்கையை உறையவைக்க 1/4000. நடக்கும் யானைக்கு 1/500 போதும். ஓடும் மானுக்கு 1/1600 வேண்டும்.

ஐஎஸ்ஓவைக் கண்டு பயப்பட வேண்டாம். ஐஎஸ்ஓ 6400-இல் எடுத்த கூர்மையான படத்தில் உள்ள புள்ளிகளை மென்பொருளால் குறைக்கலாம். ஐஎஸ்ஓ 800-இல் குலுங்கிப்போன படத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

வெள்ளைக் கொக்கு வெறும் வெள்ளைத் தாளாகவும், காகம் கருநிழலாகவும் வருகிறதே?

கேமராவுக்குள் ஒளியை அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் அதைச் சராசரிச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். இருண்ட மரங்களுக்கு முன்னால் கொக்கு நின்றால், மீட்டர் மரங்களைப் பார்த்துப் படம் முழுவதையும் வெளுக்கவைக்கும். கொக்கின் இறகு வரிகள் அழிந்துபோகும். அங்கே எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் உள்ள அமைப்பு) 2/3 முதல் 1 ஸ்டாப் வரை குறைக்க வேண்டும். அதே கொக்கு ஃபிரேம் முழுக்க நிறைந்து நின்றால் நிலைமை தலைகீழ். மீட்டர் அதைச் சாம்பலாக்கிவிடும், கொஞ்சம் கூட்ட வேண்டும். வெளிறிய வானத்துக்கு எதிரே கிளையிலிருக்கும் எந்தப் பறவைக்கும் 1 முதல் 2 ஸ்டாப் கூட்டாவிட்டால் நிழலுருதான் மிஞ்சும். பறவையின் நிறத்தை மட்டும் பார்க்காமல், பறவையும் பின்புலமும் ஃபிரேமில் எவ்வளவு இடம் பிடிக்கின்றன என்று பாருங்கள்.

வெயில் நிலையாக இருந்தால் இன்னும் எளிய வழி உண்டு. எல்லாவற்றையும் கையால் வைத்துப் பூட்டிவிடுங்கள். வெயில் உயர்ந்து பளிச்சென்று அடிக்கும்போது ஐஎஸ்ஓ 400, எஃப்/8, 1/1600 என்பது சாதாரண நிறப் பறவைக்குச் சரியாக வரும். வெள்ளைப் பறவைக்கு வேகத்தை 1/3200 ஆக்குங்கள். கொக்கு தண்ணீருக்கு மேலே பறந்து, பிறகு கரையோர மரங்களுக்கு முன்னால் போனாலும், அதன் மேல் விழும் வெயில் மாறுவதில்லை. அதனால் எக்ஸ்போஷரும் மாற வேண்டியதில்லை.

படம் ஏன் கூர்மையாக வரவில்லை?

அதிகம் பேர் கேட்கும் கேள்வி இது. லென்ஸைக் குறை சொல்வதற்கு முன், கெட்டுப்போன படத்தைக் கணினியில் 100 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கி நிதானமாகப் பாருங்கள். குற்றவாளி யாரென்று படமே சொல்லும்.

பறவையின் கண் மங்கலாக, காலடியிலிருக்கும் கிளை மட்டும் கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் தவறான இடத்தில் விழுந்திருக்கிறது. 400 மி.மீ. லென்ஸில் எஃப்/5.6 வைத்து 4 மீட்டரிலிருந்து எடுத்தால் கூர்மையாக வரும் ஆழம் வெறும் 3 செ.மீ. சொச்சம்தான். நம்மை நோக்கி உட்கார்ந்திருக்கும் குருவியின் அலகு நுனியிலிருந்து வால் வரை அதில் அடங்காது. கண்ணில் ஃபோகஸ் இருந்தால் போதும், வால் மங்கினால் யாரும் குறையாக நினைக்க மாட்டார்கள். முழு உடலும் கூர்மையாக வேண்டுமானால் பறவை பக்கவாட்டில் திரும்பும் வரை காத்திருங்கள். கிளைகளுக்கு நடுவே இருக்கும் பறவைக்குப் பெரிய ஃபோகஸ் பரப்பு வைத்தால், முன்னாலிருக்கும் இலையைத்தான் கேமரா பிடிக்கும். சிறிய ஒற்றைப் புள்ளிக்கு மாறி, பறவையின் கண்மேலோ கழுத்தின் மேலோ வையுங்கள்.

கிளை, இலை, பறவை எல்லாமே ஒரே திசையில் இழுபட்டாற்போல இருந்தால் கை குலுங்கியிருக்கிறது. கிளை கூர்மையாக இருந்து பறவையின் தலையோ இறக்கையோ மட்டும் இழுபட்டிருந்தால் பறவை அசைந்திருக்கிறது. அதிர்வைக் குறைக்கும் வசதி முதல் நோய்க்கு மருந்து, இரண்டாவதற்கு அல்ல. அதற்கு ஷட்டர் வேகம் ஒன்றே வழி.

படத்தில் எந்த இடமுமே கூர்மையாக இல்லாமல், ஓரங்கள் நெளிநெளியாக, தண்ணீருக்குள் பார்ப்பதுபோல் இருந்தால் அது கானல். சூடான தரை, கூரை, வண்டியின் முன்மூடி ஆகியவற்றின் மேலெழும் காற்று செய்கிற வேலை. பத்துப் படம் தொடர்ந்து எடுத்தால் பத்தும் பத்து விதமாக மங்கியிருப்பது இதன் அடையாளம். 600 மி.மீ. லென்ஸை வாங்கிவந்து, நண்பகலில் 80 மீட்டருக்கு அப்பால் நிற்கும் பறவையை எடுத்துப் பார்த்துவிட்டு லென்ஸைத் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. விடிந்த முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் எடுப்பதும், தூரத்தைக் குறைப்பதும்தான் பரிகாரம். குளிரூட்டிய வண்டியின் ஜன்னலைத் திறந்த உடனே எடுத்தாலும் இதே தொல்லை வரும். உள்ளும் புறமும் ஒரே வெப்பமாகச் சில நிமிடம் ஆகும்.

இவை எதுவும் பொருந்தவில்லையா? லென்ஸின் முன்னால் மலிவான கண்ணாடி ஃபில்டர் மாட்டியிருந்தால் கழற்றிவிட்டு, டிரைபாடில் வைத்து, 10 மீட்டர் தூரத்தில் அச்செழுத்துள்ள அட்டையை எடுத்துப் பாருங்கள். அட்டை கூர்மையாக வந்தால் லென்ஸில் பழுதில்லை.

ஜன்னல் கண்ணாடி வழியாக எடுக்கலாமா?

ஜன்னலைத் திறந்து எடுப்பதே நல்லது. திறப்பில் கருந்துணி ஒன்றைத் திரைபோல் தொங்கவிட்டு, லென்ஸ் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டால் உங்கள் அறையே மறைவிடம் ஆகிவிடும். திறக்க முடியாத கண்ணாடி என்றால் இரு பக்கமும் துடைத்து, அறை விளக்கை அணைத்து, லென்ஸின் முனையைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்து நேர்க்கோணத்தில் எடுங்கள். லென்ஸின் முனையில் மாட்டும் ரப்பர் ஹுட் இருந்தால் பிரதிபலிப்பு அடியோடு போகும். சாய்வாக எடுத்தால், குறிப்பாக இரட்டைக் கண்ணாடி ஜன்னலில், உருவம் இரண்டாகத் தெரியும்.

வீட்டுக்குப் பறவைகளை வரவைப்பது எப்படி?

தண்ணீர் வையுங்கள். தானியம் தின்னும் பறவைகள் மட்டுமே தானியத்துக்கு வரும். பூச்சி தின்பவையும் தேன் குடிப்பவையும்கூடத் தண்ணீருக்கு வந்து குளித்துவிட்டுப் போகும்.

பாத்திரம் 30 முதல் 40 செ.மீ. அகலமும், நீர் 2 முதல் 5 செ.மீ. ஆழமும் இருக்கட்டும். வழுவழுப்பான தட்டில் பறவை கால் வைக்கத் தயங்கும். சொரசொரப்பான மண் தட்டு நல்லது, நடுவே தட்டைக்கல் ஒன்று வைத்தால் இன்னும் நல்லது. மேலே நீர் நிரப்பிய பாட்டிலைத் தொங்கவிட்டு, அடியில் ஊசித்துளை போட்டு, ஒன்றிரண்டு நொடிக்கு ஒரு சொட்டு விழும்படி செய்யுங்கள். தேங்கிய நீரைக் கவனிக்காமல் போகும் பறவையும் சொட்டுச் சத்தத்துக்குத் திரும்பிப் பார்க்கும். தண்ணீரைத் தினமும் கொட்டி மாற்ற வேண்டும். தினமும் மாற்றினால் கொசு முட்டை பொரித்துப் பெருக வழியில்லை. வாரம் இரண்டு முறையாவது தேய்த்துக் கழுவுங்கள். உடலை உப்பிக்கொண்டு, கண் வீங்கி, சோர்ந்து உட்கார்ந்திருக்கும் பறவையைக் கண்டால் தண்ணீரையும் தீனியையும் இரண்டு வாரத்துக்கு எடுத்துவிடுவது நல்லது. ஒரே இடத்தில் கூடுவதால் நோய் பரவுகிறது.

இனி படத்துக்கு வருவோம். பறவை நேராகத் தண்ணீரில் இறங்காது. முதலில் அருகிலுள்ள கிளையில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து வானத்தைப் பார்க்கும், பிறகு கீழே பார்க்கும், அதன் பிறகே இறங்கும். அந்தச் சில நொடிகள்தான் உங்களுடையவை. எனவே பாத்திரத்திலிருந்து அரை மீட்டர் முதல் ஒரு மீட்டருக்குள் நீங்களே ஒரு காய்ந்த கிளையை நட்டுவையுங்கள். விரல் பருமன் போதும். கிளை கேமராவுக்கு இணையாக, அதாவது இடவலமாக இருக்க வேண்டும். நம்மை நோக்கி நீண்டிருந்தால் பறவை எங்கே உட்காருகிறதோ அங்கெல்லாம் ஃபோகஸை மாற்ற வேண்டிவரும். உயரம் லென்ஸ் மட்டத்தில் இருக்கட்டும். கிளைக்குப் பின்னால் 6 முதல் 8 மீட்டர் வரை வெறுமையாக, அதற்கப்பால் நிழலான செடிகொடி இருந்தால் பின்புலம் பட்டுத்துணிபோல் குழைந்து வரும். சுவர் ஒரு மீட்டர் பின்னால் இருந்தால் எந்த லென்ஸ் போட்டாலும் சுவர் சுவராகத்தான் தெரியும்.

பறவைகள் பழக ஒன்றிரண்டு வாரம்கூட ஆகலாம். அதுவரை கேமராவை எடுக்காமல், நீங்கள் உட்காரப்போகும் இடத்தில் டிரைபாடையும் துணியையும் மட்டும் வைத்துவிடுங்கள். பூனை பதுங்க இடமில்லாதபடி பாத்திரத்தைச் சுற்றி 2 மீட்டராவது திறந்த இடம் விடுங்கள். பறந்து தப்பிக்கச் சற்றுத் தள்ளி ஒரு புதர் இருக்கட்டும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை: தண்ணீரோ தீனியோ ஜன்னல் கண்ணாடியிலிருந்து 1 மீட்டருக்குள் இருக்க வேண்டும், இல்லையென்றால் 10 மீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும். நடுத்தூரத்திலிருந்து மிரண்டு எழும் பறவை, கண்ணாடியில் தெரியும் வானத்தை உண்மை வானமென்று நம்பி முழு வேகத்தில் மோதும். படமெடுக்கத் தோதானது 4 மீட்டர் என்பதால், கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் 5 செ.மீ. இடைவெளியில் புள்ளிகளோ கோடுகளோ ஒட்டிவிடுங்கள். கண்ணாடி முழுக்க அப்படி இருந்தால்தான் பலன். ஒற்றைப் பருந்துப் படத்தை ஒட்டுவதால் மோதல் நிற்பதில்லை.

வெளியிடங்களில் பறவையை எப்படி நெருங்குவது?

நேராக நடந்து போகாதீர்கள். வேட்டையாடும் விலங்குதான் நேராக வரும். குறுக்கும் நெடுக்குமாக, நின்று நின்று, பறவையை உற்றுப் பார்க்காமல் போங்கள். தாழ்ந்து உட்கார்ந்தபடி நகர்ந்தால் இன்னும் கிட்டே போகலாம், பறவையின் கண்மட்டத்தில் படமும் கிடைக்கும். அது தின்பதை நிறுத்தித் தலைநிமிர்ந்து பார்த்தால் அங்கேயே நில்லுங்கள். மறுபடி தின்னத் தொடங்கினால் நகரலாம். உடம்பை ஒடுக்கி, பறக்கும் திசைக்குச் சாய்ந்தால், நீங்கள் ஏற்கெனவே எல்லை தாண்டிவிட்டீர்கள்.

அதைவிட நல்ல வழி, பறவை வரும் இடத்தில் முன்னதாகப் போய் உட்கார்ந்துவிடுவது. மீன்கொத்திக்குப் பிடித்தமான கிளை ஒன்றிரண்டு இருக்கும். எச்சத்தின் வெண்ணிறக் கோடுகள் அதைக் காட்டிக்கொடுக்கும். விடியுமுன் அங்கே மறைவிடத்துக்குள் போய்விட்டால், வெளிச்சம் வரும்போது அது தானாகவே உங்கள் முன்னால் வந்து உட்காரும்.

பறக்கும் பறவை ஃபிரேமுக்குள்ளேயே நிற்பதில்லை. என்ன செய்வது?

ஜூம் லென்ஸானால் 200 மி.மீ. அளவில் பறவையைப் பிடித்துவிட்டுப் பிறகு 400-க்குப் போங்கள். இடுப்பிலிருந்து உடல் முழுவதும் திரும்ப வேண்டும், கைகள் மட்டும் திரும்பினால் படம் துள்ளும். புறாக்களையும் காகங்களையும் வைத்துப் பழகுவது போல் நல்ல பயிற்சி வேறில்லை.

கிளம்பும் நொடியைப் பிடிக்கக் காற்று வீசும் திசையைப் பாருங்கள். பறவைகள் காற்றை எதிர்த்துத்தான் எழும்பும், இறங்குவதும் அப்படியே. காற்றும் வெயிலும் உங்கள் முதுகுப்பக்கமிருந்து வந்தால், பறவை முகத்தில் ஒளியோடு உங்களை நோக்கி எழும். பல பறவைகள் கிளம்புமுன் எச்சமிடும், உடலைத் தாழ்த்தும். அந்த நொடியில் பர்ஸ்டை (படங்களைத் தொடர்ந்து எடுக்கும் முறை) அழுத்துங்கள். மிரர்லெஸ் கேமராவில் எலக்ட்ரானிக் ஷட்டர் வைத்திருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். சாதாரண சென்சார் படத்தை வரிவரியாகப் படிக்க 1/15 முதல் 1/60 நொடி வரை எடுத்துக்கொள்ளும். அதற்குள் இறக்கை நகர்ந்துவிடுவதால் வளைந்து, ரப்பர்போலத் தெரியும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றினால் சரியாகும்.

கூட்டையும் குஞ்சுகளையும் எடுக்கலாமா?

வேண்டாம் என்பதே எங்கள் பதில். நீங்கள் நிற்கும் நேரமெல்லாம் தாய்ப்பறவை முட்டையை விட்டு விலகியிருக்கும். வெயிலிலோ குளிரிலோ முட்டை கெட அதிக நேரம் ஆகாது. மறைத்திருந்த இலையையோ கிளையையோ ஒதுக்கினால், படம் எடுத்த பிறகு காகத்துக்கும் பாம்புக்கும் அந்த இடம் திறந்து கிடக்கும். அலகில் இரையோடு ஒரு பறவை கூட்டுக்குப் போகாமல் பக்கத்துக் கிளையிலேயே நின்றால், ஆள்காட்டிப் பறவை தலைக்கு மேலே கத்திக்கொண்டு வட்டமிட்டால், தரையில் கூடு கட்டும் பறவை சிறகொடிந்ததுபோல் தத்தித் தத்திப் போனால், கூடு அருகில் இருக்கிறது என்று பொருள். வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

ஆபத்து நமக்கும் உண்டு. புகழ்பெற்ற பிரிட்டிஷ் பறவைப் படக்கலைஞர் எரிக் ஹோஸ்கிங், 1937-இல் கூட்டுக்கருகே ஆந்தை தாக்கியதில் ஒரு கண்ணை இழந்தார்.

தற்செயலாக உங்கள் வீட்டிலேயே கூடு இருந்தால், அறைக்குள்ளிருந்து, வழக்கமாக நடமாடும் இடத்திலேயே நின்று, ஃபிளாஷ் இல்லாமல் ஒன்றிரண்டு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவைக்கலாமா?

வேண்டாம். தன் எல்லைக்குள் எதிரி நுழைந்துவிட்டதாக நினைத்துத்தான் அது ஓடிவருகிறது. உணவு தேடவும் குஞ்சுகளைக் காக்கவும் வேண்டிய நேரத்தையும் சக்தியையும் இல்லாத எதிரியிடம் செலவழிக்கும். பல காப்புக்காடுகளில் இதற்குத் தடையும் உண்டு. ஆந்தைக்கு உயிருள்ள எலியைக் காட்டி எடுப்பதும் இதைப் போன்றதே.

இரவில் தோட்டத்துக்கு என்ன வருகிறது என்று பார்க்க வழி?

விலங்கு முன்னால் வந்தால் தானே படமெடுக்கும் கேமரா டிராப் வையுங்கள். இந்த யோசனை பழையது. அமெரிக்கரான ஜார்ஜ் ஷிராஸ், விலங்கின் கால் கம்பியில் இடறினால் தானே படமெடுக்கும் ஏற்பாட்டைச் செய்தார். 1906 ஜூலையில் நேஷனல் ஜியாக்ரஃபிக் இதழ் அவருடைய 74 படங்களை வெளியிட்டது. இன்றைய கருவிகளில் கம்பிக்குப் பதிலாக உடல்வெப்பத்தின் நகர்வை உணரும் சென்சார் இருக்கிறது.

நடைபாதைபோல் புல் படிந்த இடத்தைத் தேடி, 3 முதல் 4 மீட்டர் தள்ளி, முழங்கால் உயரத்தில் கட்டுங்கள். விலங்கு கேமராவை நோக்கி வருவதைவிடக் குறுக்கே கடந்தால் சென்சார் நன்றாக உணரும். கிழக்கு மேற்கு பார்த்து வைத்தால் காலை மாலை வெயில் நேரே விழுந்து வெற்றுப் படங்கள் நூற்றுக்கணக்கில் சேரும். முன்னால் ஆடும் புல்லும் அதைத்தான் செய்யும், வெட்டிவிடுங்கள். இரவுக்கு இதில் அகச்சிவப்பு விளக்கு இருக்கும். 850 நானோமீட்டர் விளக்கு லேசாகச் சிவந்து தெரியும். 940 நானோமீட்டர் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் குறைந்த தூரத்துக்கே எட்டும். அக்கம்பக்கத்தார் வீட்டுப் பக்கம் கேமரா திரும்பியிருக்கக் கூடாது.

வண்ணத்துப்பூச்சி, தவளை, ஓணான்?

90 முதல் 105 மி.மீ. மேக்ரோ லென்ஸ் (சிறியவற்றைக் கிட்டத்திலிருந்து எடுப்பதற்கானது), எஃப்/8 முதல் எஃப்/11. விடிகாலையில் உடல் சூடேறும்வரை வண்ணத்துப்பூச்சி பறக்க முடியாமல் உட்கார்ந்திருக்கும், அதுவே நேரம். இறக்கைக்கு இணையாகக் கேமராவைப் பிடித்தால் நான்கு மூலையும் கூர்மையாக வரும். உங்கள் நிழல் அதன்மேல் விழுந்தால் எழுந்துவிடும். தவளையைக் கையால் எடுத்து வைத்து எடுக்காதீர்கள். அதன் தோல் ஈரத்தை மட்டுமல்ல, கையிலுள்ள கொசு விரட்டிப் பூச்சையும் உறிஞ்சும். பூச்சியைக் குளிர்பெட்டியில் வைத்து அடக்கி எடுப்பவர்களும் இருக்கிறார்கள். அப்படி எடுத்த படத்தில் கால்கள் இயல்பில்லாமல் மடிந்திருக்கும். பார்த்த உடனே தெரிந்துவிடும்.

விமானத்தில் எதை எப்படி எடுத்துப்போவது?

கேமராவும் லென்ஸும் கைப்பையில் இருக்கட்டும். உதிரி பேட்டரிகளைக் கட்டாயம் கைப்பையில்தான் வைக்க வேண்டும், சரக்குப் பெட்டியில் அனுமதி இல்லை. கேமரா பேட்டரிகள் பெரும்பாலும் 16 வாட்-மணி அளவில்தான் இருக்கும். 100 வாட்-மணிக்கு உட்பட்டவற்றுக்குத் தனி அனுமதி வேண்டாம், எண்ணிக்கையை மட்டும் விமான நிறுவனத்திடம் கேளுங்கள். உலோக முனைகள் ஒன்றோடொன்று உரசாதபடி மூடியிட்டோ தனித்தனி உறையிலோ வையுங்கள். கைப்பைக்கு 7 கிலோ வரம்பு வைத்திருக்கும் நிறுவனங்கள் பல. 2 கிலோ லென்ஸோடு கிளம்புபவர் வீட்டிலேயே எடை பார்த்துவிடுவது நல்லது.

லென்ஸைக் கிடத்தி எடுக்க உதவும் பையான பீன் பேக்கை வெறும் உறையாக எடுத்துப்போய், போன இடத்தில் ஏதாவது தானியம் வாங்கி நிரப்புங்கள். முக்கால்வாசி நிரப்பினால்தான் லென்ஸ் அதில் பள்ளம் பறித்து உட்காரும்.

வண்டியிலிருந்து எடுக்கும்போது?

வண்டி நின்றால் போதாது, இன்ஜினும் அணைய வேண்டும். அதன் அதிர்வு 1/500-இலும் படத்தைக் கெடுக்கும். பீன் பேக்கை ஜன்னல் விளிம்பில் வைத்து லென்ஸைக் கிடத்துங்கள். ஓட்டுநரிடம் கிளம்பும்போதே, வெயில் முதுகுப்பக்கம் வரும்படி நிறுத்தச் சொல்லிவைப்பது நல்லது. மேற்கூரை திறந்த வண்டியில் எழுந்து நின்றால் விலங்கின் முதுகைத்தான் எடுப்பீர்கள், உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக எடுக்கலாம். திடீரென எழுவதும், வண்டியின் உருவத்துக்கு வெளியே கை நீட்டுவதும் விலங்கை மிரளவைக்கும். வண்டியும் மனிதர்களும் சேர்ந்த ஒற்றை உருவமாகத்தான் அது நம்மைப் பழகியிருக்கிறது.

ஓடும் வண்டியில் லென்ஸ் மாற்றாதீர்கள், புழுதி சென்சாரில் ஒட்டும். குறுகிய ஜூம் மாட்டிய இரண்டாவது கேமரா இருந்தால் மாற்றும் தேவையே இல்லை.

ட்ரோன்?

பறவைகளுக்கு அது வல்லூறு. பல காப்புப் பகுதிகளில் சட்டப்படியும் தடை.

ஈரம், பூஞ்சை, புழுதி?

குளிரூட்டிய அறையிலிருந்து புழுக்கமான வெளிக்குக் கேமராவைக் கொண்டுவந்தால் கண்ணாடி முழுக்க நீர் பூக்கும். வெளியே எடுக்குமுன் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் மூடி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை வெளிவெப்பத்தில் விட்டுப் பிறகு திறவுங்கள். லென்ஸைத் தோல் உறையில் மாதக்கணக்கில் பூட்டிவைத்தால் பூஞ்சை பிடிக்கும். மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல்லும் ஈரமானியும் போட்டு, ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஜெல் நிறம் மாறினால் சூடாக்கி உலர்த்தி மறுபடி பயன்படுத்தலாம். கடற்கரையில் எடுத்த அன்றே உப்புத்திவலையைச் சற்றே ஈரமான துணியால் துடைத்துவிடுங்கள்.

எவ்வளவு வெட்டலாம்?

24 மெகாபிக்சல் படத்தை நீளத்திலும் அகலத்திலும் பாதியாக வெட்டினால் 3000×2000 பிக்சல், அதாவது 6 மெகாபிக்சல் மிஞ்சும். 25×17 செ.மீ. அளவில் நன்றாக அச்சிட அது போதும். அதற்கும் மேல் வெட்ட வேண்டியிருந்தால் திரையில் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எப்போதும் ரா ஃபைலில் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுங்கள். கொக்கின் வெண்மையிலிருந்து ஓரளவு இறகு வரியை மீட்க அதில்தான் வாய்ப்பு உண்டு.

எடுத்த இடத்தைச் சொல்லலாமா?

பொதுவாகக் காணப்படும் பறவையென்றால் தாராளமாக. ஆந்தை அடையும் மரம், அரிய பறவை கூடு கட்டும் இடம், கள்ள வேட்டைக்கு ஆளாகும் விலங்கின் தடம் ஆகியவற்றைச் சொல்லாதீர்கள். கைபேசியிலும் சில கேமராக்களிலும் படக்கோப்புக்குள்ளேயே இடக்குறிப்பு பதிந்துவிடும். பதிவேற்றுமுன் அதை நீக்குங்கள். உயிரினப் பதிவுகளைப் பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் தளம் அழிவின் விளிம்பிலுள்ள இனங்களின் இடத்தைத் தானாகவே மங்கலாக்கிவிடும், பறவைப் பதிவுகளுக்கான ஈபேர்டும் சில இனங்களின் இடத்தை மறைத்தே காட்டும். ஆகவே பதிவை அங்கே முழுமையாகப் போட்டுவிட்டு, மற்ற இடங்களில் படத்தை மட்டும் பகிரலாம். பின்புலத்தில் தெரியும் பாறை, கோபுரம், பெயர்ப்பலகையைக் கொண்டே இடத்தைக் கண்டுபிடிப்பவர்கள் உண்டு, அதையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.